மணக்காத மூடி

முதல் மூடி மணக்கவில்லை. நவநீதன் அதை இன்னொரு முறை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான். ஈரம் மூக்கு நுனியில் பட்டது, குளிர்ச்சி பட்டது, வாசனை மட்டும் வரவில்லை. காலை ஆறேகால் மணி. தாராபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தப் பால் குளிரூட்டும் நிலையத்தின் மேடையில் பத்துக் கேன்கள் வரிசையாக நின்றன. அவன் முகர்ந்து தலையாட்டினால் பால் உள்ளே போகும், கையை வீசினால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். பாலை யாரும் முகர்வதில்லை, மூடியைத்தான் முகர வேண்டும். கறந்ததிலிருந்து பாலில் கிளம்பியதெல்லாம் மூடியின் உள்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தூக்கிய முதல் நொடியில் சொல்லிவிடும், இரண்டாவது நொடியில் காற்றோடு போய்விடும். மூன்று வருஷமாக அந்த ஒரு நொடியில்தான் அவன் பிழைப்பு. மாடு வேப்பந்தழை தின்றதா வெங்காயத்தாள் தின்றதா, கேனைச் சாம்பலால் விளக்கினார்களா சோடாவாலா, கறந்தவர் பீடி பிடித்த கையோடு கறந்தாரா, எல்லாம் சொல்வான். ஒரு தடவை ஒரு மூடியை முகர்ந்துவிட்டு, “வூட்ல யாருக்கோ தைலம் தேச்சிருக்கறீங்” என்றான். கொண்டுவந்தவருடைய சம்சாரத்துக்கு முதல் நாள்தான் இடுப்புப் பிடித்திருந்தது. பெயரிலேயே வெண்ணெயை வைத்திருக்கிறவனுக்குப் பாலில் என்ன இருக்கிறது என்று தெரியாமலா போகும் என்று பால் சங்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட மூக்குக்கு முன்னால் இன்றைக்கும் ஒரு மூடி ஊமையாக நிற்கிறது. மூக்கு செத்துப்போயிருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ வாசனையைக் கழுவித் துடைத்துவிட்டு அனுப்புகிறார்கள். இருபத்துநான்கு வயசில் மூக்கு எதற்குச் சாகிறது? ஆகவே இரண்டாவதுதான் சரி என்று ஒரு மாசத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டான். முடிவு செய்த பிறகு அதற்குச் சாட்சிகள் தாமாகவே வந்து சேர்ந்தன, கூப்பிடாமலே வருகிற விருந்தாளிகள் மாதிரி. அவன் தலையாட்டினான், முதல் கேன் தேறியது.

இரண்டாவது மூடி. அதற்குள் மனசு அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. ஆரம்பம் அங்கேதான். மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அவன் படுக்கிற அறையில் ஒயர் கருகுகிற நாற்றம். அக்காவைக் கூப்பிட்டான், மச்சானைக் கூப்பிட்டான். இருவரும் நின்று நாலு பக்கமும் முகர்ந்து பார்த்துவிட்டு, “ஒண்ணும் வரலியே” என்றார்கள். இவ்வளவு காட்டமாக அடிக்கிற நாற்றம் இரண்டு பேருக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த ஒரு கேள்வி போதும். திருப்புளியை எடுத்து சுவிட்சுப் பெட்டியைக் கழற்றினான், மறுநாள் மின்விசிறியை இறக்கினான், அதற்கடுத்த நாள் அக்கம்பக்கத்தில் ஒயர் கொளுத்துகிறார்களா என்று சந்து சந்தாகப் போய்வந்தான். மச்சான் சண்முகவடிவேல் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, கழற்றிப் போட்டதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திரும்ப மாட்டினார். கோபப்படாமல் இருந்ததுதான் இடித்தது. வீட்டைப் பிரித்துப் போட்டால் எந்த மனுஷன் கோபப்படாமல் இருப்பான், முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவனைத் தவிர? பிறகு ஒரு நாள் கருகல் நின்றது, அதோடு கூடவே மற்றதெல்லாம் நின்றது. அக்கா தாளிக்கிறாள், கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கிறது, வாசனை இல்லை. மழை பெய்கிறது, மண் மணக்கவில்லை. குளியலறையில் சோப்பு மாறியிருந்தது, சிவப்பு போய் வெள்ளை வந்திருந்தது. எதற்கு மாற்றினாய் என்று கேட்டதற்கு, “கடைல அதுதான் இருந்துச்சு சாமி” என்றாள் அக்கா. கடையில் அதுதான் இருந்ததாம். இரண்டாவது மூடியும் மணக்கவில்லை, மூன்றாவதும் அப்படித்தான்.

சரி, மூக்கு பேசாவிட்டால் போகட்டும், முகம் இருக்கிறதே என்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். கேனைப் பார்க்காதே, கேன் கொண்டுவருகிறவனைப் பார். கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, பால் நல்ல பால். கண்ணைத் திருப்புகிறானா, கழுத்தைச் சொறிகிறானா, கேனைத் திருப்பி அனுப்பு. கேட்பதற்கு நல்ல வழியாகத்தான் இருந்தது, உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் தராதரம் பார்க்கிறார்கள். அவனுக்கு வந்த கஷ்டம் என்னவென்றால், முகங்களும் மூடிகள் மாதிரி ஆகிவிட்டிருந்தன. கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, வாய் இழுபடுகிறது, பல் தெரிகிறது. ஆனால் அது சிரிப்பா, சிரிப்பென்றால் யாரைப் பார்த்து, எதற்கு? முன்பெல்லாம் இதை யோசித்ததே இல்லை. ஒருவர் பக்கத்தில் வந்து நின்றாலே தெரிந்துவிடும், வெயிலில் நடந்த வேர்வையா பயத்து வேர்வையா என்று மூக்கு எடுத்துக் கொடுத்துவிடும், மிச்சத்தை முகம் சொல்லும். இப்போது எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் முகத்தைத் தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. போன செவ்வாய்க்கிழமை சிவமலை என்கிற சங்கத்துக்காரர் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அவருடைய கேனைத் திருப்பி அனுப்பினான். அவர் முகம் திருப்பியது தும்முவதற்கு. ஆய்வுக்கூடத்து ஜெயக்கொடியக்கா சோதனைக் குழாயில் அந்தப் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து, “தம்பி, பால் நல்லாத்தான இருக்குது? திரியவே இல்லியே” என்றாள். “காச்சற பால் பேசாதுங்க்கா, மூடிதான் பேசும்” என்றான். சொல்லும்போது அவனுக்கே தன் குரல் எங்கிருந்தோ வருவது போல இருந்தது. அவள் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான்கு, ஐந்து, ஆறு. இன்றைக்கு முதல் வரிசை முழுக்க ரங்கசாமி வண்டியில் வந்தவை. ஆறு வருஷமாகக் கேன் ஏற்றுகிற ரங்கசாமி வாய் ஓயாத மனுஷன். “என்னுங் தம்பி, மூடியோட குடும்பமே நடத்தறீங் போல?” என்றான். பல் தெரிந்தது. நவநீதன் அந்தப் பல்லைப் பார்த்தான். கிண்டலா, பாசமா, எச்சரிக்கையா? ரங்கசாமியோ நேராகக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஆகவே ஆறும் தேறின.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடியக்கா நிற்பது முதுகில் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமலே சில விஷயங்கள் முதுகில் தெரியும், பார்த்தால்தான் போய்விடும். செவ்வாய்க்கிழமைக்கு மறுநாளிலிருந்து அவள் ஒரு புதுப் பழக்கம் வைத்திருந்தாள். அவன் தலையாட்டிய கேன் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி பால் எடுத்துக்கொண்டு போகிறாள். கொழுப்புச் சோதனைக்குச் சங்கத்துக்கு ஒரு மாதிரி போதும், கேனுக்கு ஒன்று எதற்கு? அடுப்பு எரிகிறது, குழாய்கள் வரிசையாக நிற்கின்றன, அவள் குனிந்து குனிந்து பார்க்கிறாள். அவன் அந்தப் பக்கம் நடந்தால் பார்ப்பதை நிறுத்துகிறாள். வெள்ளிக்கிழமை அவன் சோப்பு எடுக்க உள்ளே போனபோது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவள், “சரி வசு, நான் பாத்துக்கறேன், வெச்சர்றேன்” என்று சட்டென்று வைத்தாள். வசு என்றால் வசுமதி, வசுமதி என்றால் அவன் அக்கா. இவர்கள் இருவருக்கும் என்ன பழக்கம்? எப்போதிலிருந்து? அதை விடுங்கள், சனிக்கிழமை பதிவேட்டைத் திருப்பியபோதுதான் சங்கதி பிடிபட்டது. வியாழக்கிழமை ஒரு கேன், வெள்ளிக்கிழமை ஒரு கேன், ‘புளிப்பு, திருப்பி அனுப்பப்பட்டது, முகர்ந்தவர் நவநீதன்’ என்று எழுதியிருந்தது. அவன் அந்த இரண்டு நாளும் ஒரு கேனைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அவன் செய்யாததை அவன் பெயரில் எழுதுகிறார்கள்! எதற்கு? நாளைக்கு யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு. யார் வருவார்கள்? அது தெரியாது, ஆனால் வருவார்கள். கையெழுத்து ஜெயக்கொடியக்காவுடையது, ‘ந’வைக் கொஞ்சம் சாய்த்துப் போடுகிற அந்தக் கையெழுத்து. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்று பதிவேட்டை இருந்தது இருந்தபடியே மூடி வைத்துவிட்டான்.

முதல் வரிசை கவிழ்ந்து உள்ளே போனது, இரண்டாவது வரிசை வந்து நின்றது. மணி ஏழைத் தாண்டிவிட்டது. பத்து மணிக்கு அக்கா வருகிறாள். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்த மாத்திரத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டின் போது பிடி கொடுக்காமல்தான் ஆரம்பித்தாள். “நாளைக்குப் பத்து மணிக்கு நான் அங்கயே வந்தர்றேன். ஈரோட்டுக்கு ஒருக்கா போயிட்டு வந்தரலாம் சாமி. அந்த டாக்டரு சும்மா பேசத்தான் பேசுவாராமா.” சும்மா பேசுவதற்கு ஈரோடு வரைக்குமா? முதலில் அக்கா பிடிவாதமாகக் கூட்டிப்போய்க் காட்டியது மூக்கு டாக்டரிடம். அவர் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார், படம் எடுத்தார், மூக்கில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார். பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, ராத்திரி தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, யார் மேலாவது சந்தேகம் வருகிறதா என்று கேட்டார். மூக்கு டாக்டருக்கு அந்தக் கேள்வி எதற்கு? அக்கா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஒரு சீட்டில் ஈரோட்டில் இருக்கிற இன்னொரு டாக்டர் பெயரை எழுதி அவன் கையில் கொடுக்காமல் அவள் கையில் கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போது நாள்காட்டிக்குப் பின்னால் இருக்கிறது, மூன்றாக மடித்து. அவன் இரண்டு முறை எடுத்துப் படித்துவிட்டு அதே மடிப்பில் வைத்திருக்கிறான். அக்கா அப்படிப்பட்டவளா? ஒன்பது வயசு மூத்தவள். அவன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மா போனதும், கல்யாணமாகிப் போகிற வீட்டுக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சபையில் சொன்னவள். மச்சான் இன்றைக்கும் அவனைச் சீதனம் என்றுதான் கேலி பண்ணுவார். மஞ்சளும் டீத்தூளும் கலந்த ஒரு வாசம் அவளுக்கு உண்டு, கதவுக்கு அந்தப்பக்கம் நின்றாலே வரும். கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் பேரில் அவளை எடுத்துவிடுவான். இப்போது பக்கத்தில் வந்து சோறு போட்டால் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. முகம் அக்கா முகம், குரல் அக்கா குரல், அந்த வாசம் மட்டும் இல்லை. அக்கா மாதிரியே ஒருத்தி என்று ஒரு நாள் நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகக் கிணற்றடியில் போய் அழுதான். அழுத பிறகும் அந்த நினைப்பு போகவில்லை.

சாப்பாட்டு விஷயமும் அதில்தான் சேர்த்தி. தினமும் காலையில் அக்கா ஒரு டப்பா கட்டிக் கொடுப்பாள், வேலை பழகின கை முதலில் அதன் மூடியைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோகும். ஒன்றும் வராது. மணமில்லாத சோற்றில் எதை வேண்டுமானாலும் கலக்கலாம், யாருக்குத் தெரியும்? ஆகவே ஒரு மாசமாக மேடைக்குப் பின்னால் படுக்கிற செவலை நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தான். நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது திட்டம். நாய்க்கு ஆனது ஒன்றே ஒன்றுதான், கொழுத்துப்போனது. மேனி மின்னியது, தெருவில் மற்ற நாய்கள் ஒதுங்கி வழிவிட்டன. வேறு யாராக இருந்தாலும் அதோடு சந்தேகத்தை விட்டிருப்பார்கள். நவநீதன் யோசித்துப் பார்த்து, நாய்க்கு ஒன்றும் செய்யாதது மனுஷனுக்குச் செய்யலாமே என்று வைத்துக்கொண்டான். அவன் இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. இதற்கு நடுவில் அக்கா சமையலில் மிளகாயைக் குறைத்துவிட்டாள். அவன் தின்னாததால் நாக்கு சொல்லவில்லை, அதே சோற்றைத் தின்ற மச்சான் சொன்னார், “என்ன வசு, பத்தியச் சாப்பாடாட்ட இருக்குது?” அக்கா என்னவோ சொல்ல வந்து மென்று விழுங்கினாள். அதை அவன் பார்த்துவிட்டான். ஏன் மிளகாயைக் குறைக்க வேண்டும்? காரம் எதைக் காட்டிக் கொடுக்கும்? வெள்ளைச் சோப்பு, மடித்த சீட்டு, சாய்ந்த ‘ந’, குறைந்த மிளகாய். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சேர்த்துப் பார்த்தால் எல்லாம் இருந்தது. அவனால் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. எதிரில் பதினேழாம் எண் போட்ட கேன் நின்றது.

சிவப்பு வண்ணத்தில் எண் எழுதிய கேன். கொண்டுவந்தது இந்தத் தடவையும் ரங்கசாமிதான், இரண்டாவது நடை. நவநீதன் மூடியைத் தூக்கினான், முகர்ந்தான். வெறும் குளிர்ச்சி. கண்ணைத் தூக்கி ரங்கசாமியைப் பார்த்தான். ரங்கசாமி நேராகப் பார்த்தான், பல் தெரிந்தது, கண் நகரவில்லை. இவ்வளவு நேராக ஒருவன் ஏன் பார்க்க வேண்டும்? நேராகப் பார்த்தால் நல்ல பால் என்று தான் வைத்திருக்கிற கணக்கு இவனுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்துகொண்டு நடிக்கிறானோ? அப்படியானால் கண்ணைத் திருப்புகிறவன்தான் நல்லவனா? சிவமலை நல்லவரா? நெற்றியில் வேர்த்தது. மேடைக்குக் கீழே குழாய்த் தண்ணீர் கேன்களில் விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது, அதற்குள் யாரோ பேசிக்கொள்வது போலவும் இருந்தது. உள்ளே தொட்டியில் நாலாயிரம் லிட்டர் குளிர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு கேன் புளித்தது விழுந்தால் போதும், அவ்வளவும் போகும், அதோடு அவனும் போவான். எல்லாரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். “என்னுங் தம்பி, ஓகேவா?” என்றான் ரங்கசாமி. தலை தானாக ஆடியது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, எல்லாவற்றுக்கும் ஆடியது. ரங்கசாமி பதினேழாம் கேனின் காதைப் பிடித்துச் சாய்த்தான். “நிறுத்து, நிறுத்து, அதைக் கவுக்காத!” என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயக்கொடியக்கா ஓடி வந்தாள். கையில் இடுக்கியில் பிடித்த குழாய், ஆவி பறக்கிறது. அவள் சாய்த்துக் காட்டினாள். குழாய்ச் சுவரில் தயிர்த் துணுக்குகள் மாதிரி பால் திரிந்து ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரங்கசாமி குனிந்து கேனை ஒரே ஒரு முறை மோந்தான். “அட சாமி, கொடலப் புடுங்குதே. தம்பி, இது உங்களுக்கு வரலீங்களா?” என்றான். இந்த முறை பல் தெரியவில்லை, ரங்கசாமி கேனை இறக்கி வைத்தான்.

“உள்ள வா” என்று ஜெயக்கொடியக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆய்வுக்கூடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆக, பொறி வைத்துப் பிடித்துவிட்டார்கள். கையும் களவுமாக. அவனுக்குக் கோபத்தைவிட ஒரு நிம்மதி வந்தது, காத்திருந்தது வந்துவிட்ட நிம்மதி. “எத்தன நாளா இது நடக்குதுங்க்கா?” என்றான். மறுப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் மறுக்கவில்லை. “புதங்கெழமைல இருந்து. இன்னிக்கோட ஆறு நாளாச்சு. நீ பாஸ் பண்ற கேனு அத்தனையும் நான் காச்சிப் பாத்துட்டு இருக்கறேன்.” “யாரு சொல்லி?” “உன்ற அக்கா சொல்லித்தான். சிவமலை கேனைத் திருப்பி விட்டியே, அன்னிக்குப் பொழுதோட வூட்டுக்கு வந்தா. அவனுக்கு மூக்கு போயிருச்சுங்க்கா, ஒத்துக்க மாட்டேங்கறான், மனசும் ஒரு நெலைல இல்ல, இருக்கற வேலையும் போயிருச்சுன்னா என்ற தம்பி எந்திரிக்கவே மாட்டான், டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போற வரைக்கும் பாத்துக்குங்கன்னு என்ற கையப் புடிச்சுட்டு அழுதா.” அவன் பதிவேட்டைக் காட்டினான். “இது? நான் செய்யாததை என்ற பேர்ல எழுதுனது?” ஜெயக்கொடியக்கா அடுப்பை அணைத்தாள். “வேற யாரு பேர்ல எழுதறது? ரெண்டு நாளும் திரிஞ்சுது, நான் ஒதுக்கி வெச்சேன். நான் புடிச்சதா எழுதுனா உன்னை எதுக்கு மேடைல நிறுத்தியிருக்குதுன்னு மேனேஜர் கேக்க மாட்டாரா? நீ புடிச்சதாவே இருந்துட்டுப் போகட்டும்னு எழுதுனேன்.” அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றி சுருங்கியிருந்தது, மூக்கு விடைத்திருந்தது. கோபமா, பாவம் பார்க்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

கேன் கழுவுகிற தொட்டிக்கட்டில் போய் உட்கார்ந்தான். டப்பா மடியில் இருந்தது. மிச்ச வரிசைகளை ஜெயக்கொடியக்கா பார்த்துக்கொண்டாள், ரங்கசாமி இரண்டு முறை வந்து டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனான். ஆக, எல்லாம் உண்மைதான். முதுகுக்குப் பின்னால் பேசியது உண்மை, மறைத்தது உண்மை, பொய்யாக எழுதியது உண்மை. அவன் ஒன்றைக்கூடக் கற்பனை பண்ணவில்லை. ஒரு சின்னப் பெருமைகூட வந்தது, பார், கண்டுபிடித்துவிட்டேன் என்று. ஆனால் அவனைக் கவிழ்க்க என்று அவன் கோத்து வைத்திருந்ததை அவர்கள் அவன் விழாமல் இருக்கச் செய்தார்கள் என்றால், துண்டுகள் எல்லாம் சரி, சேர்த்ததுதான் தப்பா? அல்லது இப்படிச் சொல்லி வாயை அடைப்பதும் திட்டத்தில் ஒரு பாகமா? அழுதாளாம். அதை யார் பார்த்தது? ஜெயக்கொடியக்கா சொன்னதை யார் காய்ச்சிப் பார்ப்பது? நினைப்பு செக்குமாடு மாதிரி அதே தடத்தில் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கால் இடறியது. ரங்கசாமி குனிந்து ஒரே முறை மோந்தானே, கொடலப் புடுங்குது என்றானே, குழாயில் திரிந்து நின்றதே. அது நடிப்பில்லை. நெருப்புக்கு நடிக்கத் தெரியாது. அந்தப் பாலில் நாற்றம் இருந்திருக்கிறது, ஊருக்கெல்லாம் வந்திருக்கிறது, அவனுக்கு மட்டும் வரவில்லை. அப்படியானால் யாரும் எதையும் கழுவித் துடைக்கவில்லை. மழை மணத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கடுகும் அக்காவும் அப்படியேதான் இருந்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பயமாக இருந்தது, சந்தேகப்பட்டபோது இருந்ததைவிடப் பெரிய பயம். யாரோ செய்கிறார்கள் என்றால் அவர்களைப் பிடிக்கலாம். யாரும் செய்யவில்லை என்றால் எங்கே போய்ப் பிடிப்பது? செவலை நாய் வழக்கமான நேரத்துக்கு வந்து அவன் முன்னால் வாலாட்டிக்கொண்டு நின்றது.

பத்துக்குக் கால் மணி இருக்கும்போதே ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கி வந்தாள், கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள், டாக்டருக்கு மரியாதையாக. “ஏஞ்சாமி, போலாமா?” என்றாள். வாசலோரத்தில் ஜெயக்கொடியக்கா நிற்பதைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். தொட்டிக்கட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரோ உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. மஞ்சள் இல்லை, டீத்தூள் இல்லை. அவன் டப்பாவைத் திறந்தான். மூடியைத் தூக்கினான், முகர்ந்தான். ஒன்றுமில்லை. வழக்கமாக அடுத்து நாய்ப் பக்கம் போகிற கை அப்படியே நின்றது. பிறகு மூடியை அவள் பக்கமாக நீட்டினான். “மோந்து சொல்லுக்கா.” அவளுக்கு முதலில் புரியவில்லை. “என்னத்த?” “எனக்கு வரலை. எதுவுமே வர்றதில்ல. உனக்கு என்ன வருதுன்னு சொல்லு.” இதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அவள் மூடியை இரண்டு கையாலும் வாங்கினாள். அவன் செய்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். “புளிச்சோறு. கடலெண்ணெ. பெருங்காயம் ஒரு துளி தூக்கலா உழுந்திருச்சு. வெந்தயம்” என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. “மொளகா?” என்று கேட்டான். அவள் கண்ணைத் திறந்தாள். “மொளகா கம்மிதான். டப்பா கழுவறப்பெல்லாம் நாயி மசுரு ஒட்டியிருக்குது, நாயி திங்கற சோறுன்னு தெரிஞ்சு எப்புடி அள்ளிப் போடறது? வாயில்லா சீவன், வயிறு எரியாதா?”

தெரிந்திருக்கிறது. ஒரு மாசமாக இவன் தின்னமாட்டான், நாய்தான் தின்னும் என்று தெரிந்தே விடிகாலையில் எழுந்து தாளித்துக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். என்றைக்காவது ஒரு நாள் மனசு மாறித் தின்பான் என்று டப்பாவும், தின்கிறவரைக்கும் நாயாவது நன்றாக இருக்கட்டும் என்று குறைத்த மிளகாயும். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். வாய் இழுபட்டிருந்தது, பல் கொஞ்சம் தெரிந்தது, கன்னம் மேலே ஏறியிருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. ஒவ்வொன்றாகத் தெரிந்தது, சேர்க்கத்தான் வரவில்லை. சேர்த்துச் சேர்த்துத்தானே இத்தனை நாள் கெட்டது. ஆகவே கேட்டான். “அக்கா, நீ இப்ப சிரிக்கறியா, அழுகறியா? எனக்குத் தெரீல.” அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “சிரிக்கத்தான் வந்துச்சு சாமி. அழுகையாப் போயிருச்சு.” அது உண்மையா என்று பார்க்க அவனிடம் ஒரு வழியும் இல்லை. மூக்கும் இல்லை, குழாயும் இல்லை, அடுப்பும் இல்லை. அழுகிறாள் என்று அவள் சொன்னாள், அவ்வளவுதான் கையில் இருந்தது. அவன் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். புளிப்பும் உப்பும் தெரிந்தன, வேறொன்றும் தெரியவில்லை. வயிறு வேண்டாம் வேண்டாம் என்றது, எச்சிலைக் கூட்டி விழுங்கினான். இன்னொரு வாய். நாய் அவன் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தது, அதற்கு இது புதுசு. மூன்றாவது வாய்க்கு மேல் முடியவில்லை, மீதியை அதற்கு வைத்தான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா மூடியை நீட்டினாள். அவன் டப்பாவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, “நாளைக்கும் மோந்து சொல்லோணும், நீயே வெச்சுக்க” என்றான்.